பிடிக்கவில்லையா? எந்தப் பக்கத்தில்?

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

இந்த மாதம் இளையோர் நாவல்கள், ஃபேன்டஸி நாவல்கள் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

“தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்” நாவலை எடுப்பேன், கொஞ்ச தூரம் போவேன், வைத்துவிடுவேன். ஆபீசில் எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கு ஃபேன்டஸி ஒத்துவராதா?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று எழுதவில்லையே! பதில் அதில்தான் இருக்கிறது.

இந்த நாவலில் ஆட்கள் கழன்றுகொள்ளும் இடங்கள் நான்கு. முதலாவது, முன்னுரை. ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தார் எப்படி வாழ்வார்கள், என்ன இலையைப் புகைப்பார்கள், ஊரை எப்படி நிர்வகிப்பார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். கதை இன்னும் தொடங்கியே இருக்காது. அங்கே நின்றிருந்தால் முன்னுரையை அப்படியே தாண்டி, பில்போ என்ற ஹாபிட்டின் 111-வது பிறந்தநாள் விருந்துக்குப் போய்விடுங்கள். நாவலை முடித்தபின் திரும்பி வந்தால் அதே முன்னுரை சுவையாக இருக்கும்.

இரண்டாவது, விருந்துக்கும் பயணத்துக்கும் நடுவே. விருந்தன்று நாயகன் ஃப்ரோடோவுக்கு 33 வயது. ஊரை விட்டுக் கிளம்பும்போது 50. இடையில், இரண்டாம் அத்தியாயத்தில், மந்திரவாதி கேண்டால்ஃப், ஃப்ரோடோ கையிலிருக்கும் மந்திர மோதிரத்தின் வரலாற்றைச் சொல்கிறார். முழு நாவலுக்கும் அச்சாணி அந்த உரையாடல்தான். முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று என்று பிரித்தால் ஆபத்தின் அளவு மனதில் தங்காது. பிறகு வருவதெல்லாம் வெறும் காட்டு நடையாகத் தெரியும்.

மூன்றாவது, 6 முதல் 8 வரையான அத்தியாயங்கள். டாம் பாம்படில் என்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே வருவார். மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது. துரத்திக்கொண்டிருந்த கறுப்புக் குதிரைவீரர்களைக் கொஞ்ச நேரம் காணோம். பதற்றம் மொத்தமாக இறங்கிவிடும். வேகத்துக்காகப் படிப்பவர்கள் தூங்குவது இங்கேதான். ஆனால் 8-ஆம் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே கல்லறை மேட்டில் கிடைக்கும் ஒரு கத்திக்குக் கதையில் பிற்பாடு பெரிய வேலை இருக்கிறது. 9-இல் சத்திரத்துக்குள் நுழைந்ததும் கதை மறுபடி ஓடத் தொடங்கும்.

நான்காவது, எல்ராண்ட் என்ற தலைவர் கூட்டும் சபை. உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், புதுப் பெயர்கள் கொட்டும். எல்லாவற்றையும் பிடித்துவைக்க முயன்றால் தலை சுற்றும். அடுத்த அத்தியாயத்தில் பயணத்துக்குத் தேர்வாகும் 9 பேர் நினைவில் நின்றால் போதும்.

முதல் இரண்டு இடங்களில் நின்றவருக்கு மெதுவான தொடக்கம் ஆகாது. ஃபேன்டஸியே ஆகாது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவதில் நின்றவருக்குத் துரத்தல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நான்காவதில் நின்றவருக்குப் பெயர்ச் சுமை ஆகாது. அவர் “எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ” போன்ற சிறிய நாவலில் தொடங்கலாம். சுமார் 200 பக்கம், கதை முழுக்க ஒருவனைப் பின்தொடர்ந்தே போகும்.

இரண்டாம் பாகத்தில் நின்றீர்களா? அது வேறு சங்கடம். அதன் முதல் 11 அத்தியாயங்களில் ஃப்ரோடோ வரவே மாட்டான். ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டு படிப்பவர்களுக்கு இது பொறுக்காது. அப்படிப்பட்டவர்கள் பல முனைகளில் பிரிந்து ஓடும் தொடர்களை வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

பாடல்களை வாய்விட்டுப் படியுங்கள், இல்லையென்றால் தாண்டுங்கள். மௌனமாகப் படித்தால் அவற்றில் உயிர் இருக்காது.

என் மகள் இரண்டாம் பி.யு. (12-ஆம் வகுப்பு) படிக்கிறாள். “தி ஹங்கர் கேம்ஸ்” மூன்று பாகத்தையும் தூக்கமில்லாமல் முடித்தாள். முடித்ததும் “கடைசியில ஏமாத்திட்டாங்கம்மா” என்று ஒரே கோபம். படித்தது பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே புரியவில்லை. தூக்கம் கெடாமலிருக்கவும் ஏதாவது வழி சொல்லுங்கள்.
– வாசகி, ஜீவன்பீமா நகர்

தூக்கத்தை முதலில் பார்ப்போம். மூன்று பாகங்களும் ஒரே அளவில் வெட்டப்பட்டவை: ஒவ்வொன்றிலும் 3 பகுதி, பகுதிக்கு 9 அத்தியாயம், மொத்தம் 27. எழுதியவர் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். “இந்த அத்தியாயம் முடிஞ்சதும் படுத்துடறேன்” என்று யார் சொன்னாலும் படுக்க முடியாது. அத்தியாயத்தின் நடுவில், ஒரு பேச்சு முடிந்து ஆட்கள் இடம் மாறும் பத்தியில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே இழுப்பு குறைவு. தேர்வுக் காலத்தில் இந்த ஒரு பழக்கம் மிகவும் உதவும்.

கோபத்துக்கு வருவோம். கதையை 16 வயது நாயகி காட்னிஸ் “நான்” என்று நிகழ்காலத்தில் சொல்கிறாள். பழைய சம்பவத்தை நினைத்துச் சொல்லும் கதை என்றால் சொல்பவர் பிழைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை, அதனால் பயம் கூடுகிறது. அதே உத்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவள் அடிபட்டுக் கிடந்தால் நமக்கும் ஒன்றும் தெரியாது. மூன்றாம் பாகத்தில் பெரிய சம்பவங்கள் சில அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்து, பிறகு செய்தியாக வருகின்றன. போதாக்குறைக்கு, ஒருவரையொருவர் கொன்றால்தான் பிழைக்கலாம் என்று முதல் இரண்டு பாகங்களில் இருந்த போட்டிக்களம் மூன்றாவதில் இல்லை, அங்கே நடப்பது போர். போட்டிக்கு எழுதிய விதிகளைப் போருக்கும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முக்கியமான மரணங்கள் ஓரிரு வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன. அழ நேரம் கொடுக்காமல் கதை நகர்கிறது. அந்த அவசரம் வேண்டுமென்றே செய்ததாகவே எங்களுக்குப் படுகிறது. உங்கள் மகள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து, முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். காட்னிஸ் எதற்காகக் களத்தில் இறங்குகிறாள் என்பது அங்கே ஒரு காலையில் சொல்லப்பட்டுவிடுகிறது. முடிவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகும் கோபம் நின்றால் அது நல்ல கோபம். எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

வயது 42. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் பள்ளிப் பிள்ளைகளின் நாவலை அட்டையை மறைத்துக்கொண்டு படிக்கிறேன். இது சரியா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் பிரிட்டனில் ஹாரி பாட்டர் வரிசையையே பெரியவர்களுக்கான அட்டை போட்டுத் தனியாக விற்றார்கள். உள்ளே ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொள்ளுங்கள், செலவு குறைவு.

முடிவில் எங்கிருந்தோ ஒரு மந்திரம் வந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டால் புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றுகிறது. என் தம்பியோ, “மந்திரம்னா அப்படித்தான்” என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, ஃபிரேசர் டவுன்

நீங்கள் இரண்யன் கதையில் வளர்ந்தவர். அதான் எரிச்சல் வருகிறது. பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை, மனிதனாலும் மிருகத்தாலும் இல்லை என்று வரத்தின் நிபந்தனைகள் முன்கூட்டியே நம் கையில் இருக்கின்றன. அந்தி நேரம், வாசற்படி, நரசிம்மம் என்று ஒவ்வொரு பூட்டும் திறக்கும்போது கிடைக்கும் நிறைவு, விதி முன்பே தெரிந்ததால் கிடைப்பது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் இந்த ரகம்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கையை எப்படி ஒளிப்பது என்பதில்தான் கதையே.

அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பது வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அதன் சாரம். அவருடைய “மிஸ்ட்பார்ன்” நாவலில் உலோகத்தை விழுங்கி உடலுக்குள் எரிக்கிறார்கள். இரும்பு, சுற்றியிருக்கும் உலோகத்தை இழுக்கும். எஃகு தள்ளும். வெள்ளீயம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். உங்களைவிடக் கனமான ஒன்றைத் தள்ளினால் அது நகராது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். நாணயத்தைத் தரையில் போட்டுத் தள்ளியே ஆட்கள் கூரைக்குத் தாவுகிறார்கள். சண்டைக் காட்சியில் அடுத்து என்ன செய்யலாம் என்று நாமும் கணக்குப் போடலாம்.

தம்பி விரும்புவது இன்னொரு வகை. அதில் மந்திரம் வியப்புக்காக மட்டும் இருக்கும், விதி சொல்லப்படாது. அதுவும் நல்ல வகையே. ஆனால் அங்கே மந்திரம் சிக்கலை உண்டாக்கலாம், தீர்த்துவைக்கக் கூடாது. தீர்த்துவைத்தால் நீங்கள் எறிவது நியாயம்தான். எறிவதற்கு முன் ஒரு சோதனை: காப்பாற்றிய அந்தச் சக்தி, புத்தகத்தின் முதல் பாதியில் எங்காவது சின்னதாகத் தலைகாட்டியிருக்கிறதா என்று பின்னோக்கிப் புரட்டுங்கள். இருந்தால் கவனிக்காமல் விட்டது நாம்.

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் நார்னியா வரிசையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். இரண்டு வெவ்வேறு கதைகளின் முதுகில் “1” என்று போட்டிருக்கிறது. எது முதல் புத்தகம்?
– கல்லூரி மாணவி, அல்சூர்

1950-இல் முதலில் வந்தது “தி லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்”. நார்னியா எப்படி உருவானது என்று சொல்லும் “தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ” வெளியானது 1955-இல். 90-களிலிருந்து வந்த பதிப்புகள் கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி எண் போட்டதால் அது 1 ஆகிவிட்டது, பழையது 2 ஆகிவிட்டது.

1950-இன் புத்தகத்தையே முதலில் படியுங்கள். அஸ்லான் என்ற பெயர் முதலில் வரும்போது, அது யார் என்று கதையில் வரும் பிள்ளைகளுக்கும் தெரியாது, படிக்கிற உங்களுக்கும் தெரியாது என்று கதை சொல்பவரே அதில் சொல்கிறார். மற்றதை முன்னால் படித்துவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். பனிக்காட்டின் நடுவில் தனியாக எரியும் விளக்குக் கம்பமும் புதிராக இருக்காது.

கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். “நார்தர்ன் லைட்ஸ்”, “தி கோல்டன் காம்பஸ்” இரண்டும் ஒரே நாவல், இரண்டாவது அமெரிக்கத் தலைப்பு. ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் “ஃபிலாஸஃபர்ஸ்” என்றும் “சார்சரர்ஸ்” என்றும் இருப்பதும் அப்படியே. நடைபாதையில் விற்கும் திருட்டுப் பதிப்பு என்றால் மேப் மங்கலாகத் தெரியும், பின்னிணைப்பு வெட்டுப்பட்டிருக்கலாம், சில நேரம் ஒரு ஃபாரமே (சேர்த்துத் தைக்கும் 16 பக்கக் கட்டு) இரண்டு முறை தைக்கப்பட்டு அடுத்த 16 பக்கம் காணாமல் போயிருக்கும். பக்க எண்களை மட்டும் ஒருமுறை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வாசகர் வட்டம் தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு இளையோர் நாவல். என் முறை வரும்போது “சூப்பர்”, “போர்” தவிர வேறு சொல்ல வரவில்லை. கதைச் சுருக்கம் சொன்னால் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள்.
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பேசும் நாளன்று யோசித்தால் வராது. படிக்கும்போதே பிடித்துவைக்க வேண்டும்.

தபால் அட்டை அளவில் ஒரு கெட்டி அட்டையை நறுக்கிக்கொள்ளுங்கள். அதுவே புத்தகக்குறி, அதுவே குறிப்பேடு. மூன்று குறிகள் போதும். உடம்பு அசைந்த இடத்துக்கு ஆச்சரியக்குறி: சிரித்தீர்கள், கண் கலங்கினீர்கள், பல்லைக் கடித்தீர்கள். நம்ப முடியாத அல்லது புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி. கண்ணை ஓட்டித் தாண்டிய இடத்துக்கு ஒரு கோடு. குறியோடு பக்க எண், ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். இந்த மூன்றில் கோடுதான் மிக நேர்மையானது. யாரும் அதைப் போட மாட்டார்கள், தாண்டியதை ஒப்புக்கொள்ளக் கூச்சம்.

300 பக்க நாவலுக்கு 15, 20 குறி இருந்தால் நல்லது. 50 போட்டால் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம், கதை உங்களை எட்டாது. கால்வாசியிலும் பாதியிலும் ஒரு நிமிடம் நின்று “இனி என்ன நடக்கும்” என்று ஒரு வரி எழுதுங்கள். முடித்தபின் இந்த இரண்டு ஊகங்களும் தங்கம். தவறான ஊகத்தில்தான் எழுத்தாளர் உங்களை எங்கே திருப்பினார் என்பது தெரியும். எல்லா ஊகமும் பலித்துவிட்டால் “போர்” என்ற உங்கள் சொல்லுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

முடித்த இரவே எழுத வேண்டாம், மறுநாள் எழுதுங்கள். எழுதும்வரை வேறு யாருடைய விமர்சனத்தையும் பார்க்காதீர்கள். பார்த்தால் அடுத்தவர் சொல்லே உங்கள் வாயில் வரும். அட்டையிலிருந்து மூன்று குறிகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அங்கே நடப்பது ஒரு வாக்கியம், உங்களுக்கு நேர்ந்தது ஒரு வாக்கியம், பிறகு காரணம். காரணம் தேட நல்ல கேள்விகள் உண்டு. கதை அங்கே யார் கண் வழியே போகிறது? பாத்திரத்துக்குத் தெரியாத எது நமக்குத் தெரியும்? நாம் எதிர்பார்த்ததைவிடக் காட்சி நீளமா, குட்டையா? கையெழுத்தில் ஏ4 தாளில் இரண்டு பக்கம் வந்தால் ஐந்து நிமிடப் பேச்சுக்குக் காணும்.

பெரியவர்கள் இளையோர் நாவல் பேசும்போது வழக்கமாக நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். “அந்தப் பெண் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறாள், அதனால் நாவல் சரியில்லை” என்பார்கள். அவள் செய்தது, முந்தைய பக்கங்களில் காட்டிய அவள் குணத்துக்கு முரணா என்று பாருங்கள். முரண் என்றால் நாவலின் குறை. முரண் இல்லை, நம் வீட்டுப் பெண் இப்படிச் செய்தால் தாங்குமா என்றுதான் கோபம் வந்தது என்றால், அது அம்மாவாக உங்களுக்கு வந்த கோபம். அதையும் சொல்லலாம், “அம்மாவாக எனக்கு” என்று தொடங்கிச் சொல்லுங்கள். வட்டத்தில் உள்ள பிள்ளைகள் அப்போதுதான் பதில் பேசுவார்கள்.

நாயகிக்கு இரண்டு பையன்கள் என்ற அலுத்துப்போன முக்கோணத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஒருவனை மனதுக்குள் நீக்கிவிடுங்கள். அவள் எடுக்கும் பெரிய முடிவு ஏதாவது மாறுகிறதா? மாறவில்லை என்றால் அவன் பக்கம் நிரப்ப வந்தவன்.

கதையின் முதல் கால்பகுதியில் உள்ளதை யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்வதென்றால், முடிக்காதவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆடியோ புக்கில் கேட்பவர்கள் பக்க எண்ணுக்குப் பதில் அத்தியாய எண்ணும் நிமிடமும் குறிக்கலாம். ஃபேன்டஸியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்களுக்கு ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கலங்கிவிடும். அதைப் புத்தகத்தின் குறையாகச் சொல்லக் கூடாது.

இந்த நாவல்களில் என் நிறத்தில் ஒரு நாயகனும் இல்லை. படிக்கும்போது வெளியே நின்று வேடிக்கை பார்ப்பது போலிருக்கிறது.
– பள்ளி மாணவர், மர்பி டவுன்

மேலே சொன்ன எர்த்சீ 1968-இல் வந்தது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். அவனுடைய உயிர் நண்பன் கறுப்பு. வெள்ளைத் தோல் உள்ளவர்கள் கடல் கடந்து கொள்ளையடிக்க வருகிறவர்கள். ஆனாலும் பல அட்டைகளில் அவனை வெள்ளையாக வரைந்தார்கள், 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே. எழுதிய உர்சுலா லெ குவின் இதைக் கண்டித்து எழுதினார். எனவே அட்டையை நம்பாதீர்கள். 2018-இல் வந்த இரண்டு நாவல்களையும் பாருங்கள். “சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்” மேற்கு ஆப்பிரிக்கப் பின்னணி. “ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்” 12 வயதுப் பெண்ணையும் பாண்டவர்களையும் வைத்தது. இரண்டாவதில் பாரதம் தெரியாதவர்களுக்காக நிறைய விளக்கம் இருக்கும். பாட்டி மடியில் கதை கேட்டவர்களுக்கு அது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

பேரனுக்கு 11 வயது. வகுப்பில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று “எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்” கேட்கிறான். அதில் 7 வயதுப் பையன், 9 வயதுப் பெண் எல்லாம் வருகிறார்களாமே, வாங்கித் தரலாமா?
– வாசகர், கே.ஆர்.புரம்

வேண்டாம் ஐயா. பிரானுக்கு 7 வயது, ஆர்யாவுக்கு 9 என்பது உண்மைதான். ஆனால் நாவல் முழுக்கப் பெரியவர்களுக்கானது, வன்முறையும் பாலியலும் மறைப்பில்லாமல் வரும். பாத்திரத்தின் வயதை வைத்து வாசகரின் வயதை முடிவு செய்யக் கூடாது. எந்த நாவலாக இருந்தாலும் தொடக்கத்தில் ஐந்து பக்கம், நடுவில் ஐந்து, முடிவுக்குச் சற்று முன் ஐந்து நீங்களே படித்துப் பாருங்கள். கடைசி ஐந்தைப் பார்க்காமல் விட்டால்தான் பெரும்பாலும் ஏமாறுவோம்.

ஹாரி பாட்டர் வரிசையை ஆண்டுக்கு ஒன்று என்று கொடுக்கலாம். முதல் பாகத்தில் ஹாரிக்கு 11, கடைசியில் 17. முதல் பாகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766. பக்கம் கூடக்கூட இருட்டும் கூடும். ஒரே கோடை விடுமுறையில் ஏழையும் முடித்துவிட்டால் 17 வயதுக் கதை 11 வயதுக் கையில் இருக்கும்.

முடியாத தொடர்களை வாங்கி ஏமாந்தே அலுத்துவிட்டது.
– வாசகர், ஹொசூர் சாலை

“எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்” முதல் பாகமாக உள்ள தொடரின் 5-ஆம் பாகம் 2011-இல் வந்தது. 6-ஆவது இன்னும் வரவில்லை. “தி வீல் ஆஃப் டைம்” 1990-இல் தொடங்கியது. எழுதியவர் 2007-இல் இறந்துபோக, சாண்டர்சன் அவர் குறிப்புகளைக் கொண்டு 2013-இல் 14-ஆம் பாகத்தோடு முடித்தார். தொடர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், முதல் பாகம் தனியாக நிற்குமா என்று படித்தவரிடம் கேளுங்கள். “எர்த்சீ”, “மிஸ்ட்பார்ன்” இரண்டின் முதல் பாகமும் தனியாக நிற்கும். மொத்த செட்டாக வாங்காதீர்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஃபேன்டஸி என்றால் உயிர். தமிழில் எதைக் கொடுப்பது?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

தடிமனான நாவலில் தொடங்காதீர்கள். காமிக்ஸ் முதலில். ஒரு பலூனில் சில சொற்கள்தான், அதுவும் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும், படமும் கைகொடுக்கும். அடுத்து வாண்டுமாமாவின் கதைகள். அதன்பிறகு அவன் ஆங்கிலத்தில் ஏற்கெனவே படித்த ஒன்றின் தமிழாக்கம். ஹாரி பாட்டர் தமிழில் வந்திருக்கிறது. கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லை அவனே ஊகித்துக்கொள்வான்.

இரவு 15 நிமிடம். அவன் ஒரு பக்கம், நீங்கள் நான்கு பக்கம். தடுமாறும்போது சொல்லை நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள், திருப்பிப் படிக்கவைக்காதீர்கள். திருத்தத் தொடங்கினால் அது டியூஷன் ஆகிவிடும், பையன் ஓடிவிடுவான். விறுவிறுப்பான இடத்தில் உங்கள் பங்கை முடித்துக்கொண்டு புத்தகத்தை அவனிடம் நீட்டுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அவனையே அழைத்துப் போய்த் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

கிண்டிலில் மேப் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. மேப் பார்க்காமலே படிக்கலாமா?
– வாசகர், அல்சூர்

கதை நடந்தே போகிறது என்றால் மேப் வேண்டும். அரண்மனைக்குள்ளேயே சுற்றுகிறது என்றால் வேண்டாம். கிண்டிலில் படத்தை அழுத்திப் பெரிதாக்கினாலும் பல நூல்களில் எழுத்து உடைந்துதான் வரும். அச்சுப் புத்தகம் உள்ள நண்பரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்க மேப்பைத் தொடக்கத்திலேயே பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். சில வரிசைகளில், பின்னால் அழியப்போகும் ஊர் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.